வக்கீல் ஆபீஸில் கிடக்கும் தகவலை வேலைக்குக் கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நாலைந்து வக்கீல்கள், ஒரு குமாஸ்தா, ஒரு டைப்பிஸ்ட் என்று ஓடுகிற தமிழ்நாட்டு ஆபீஸுக்காக இதை எழுதுகிறேன். முன்சீப் கோர்ட்டில் பாதி, ஜில்லா கோர்ட்டில் கொஞ்சம், ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் கொஞ்சம், இடையில் செக் கேஸ், எம்.சி.ஓ.பி. (வாகன விபத்து இழப்பீட்டு மனு), நுகர்வோர் ஆணையம் என்று பரவிக் கிடக்கும் ஆபீஸ். பெரிய கார்ப்பரேட் ஆபீஸுக்கும் அடிப்படை இதுதான், ஆனால் அவர்களிடம் இதைச் செய்யத் தனி ஆள் இருப்பார்.

டேட்டாவை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பலர் முதலில் சாப்ட்வேர் வாங்குகிறார்கள். கொஞ்ச நாள் ஜூனியர்கள் எல்லோரும் உள்ளே போட்டுப் பார்ப்பார்கள், அப்புறம் சீனியர் மேசையில் இருக்கும் சிவப்பு டைரிக்கே எல்லோரும் திரும்பிவிடுவார்கள். சாப்ட்வேர் மட்டமாக இருந்ததால் அல்ல. உள்ளே போட என்ன இருக்கிறது, எதற்காகப் போடுகிறோம் என்று முடிவு செய்யாமலே வாங்கியதால்தான். கீழே இருக்கும் படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள், ஆறாவது படியை முதலில் செய்தால் அது நிற்காது.

ஆரம்பிக்கும் முன் வேண்டியவை: எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ், இரண்டில் எது பழக்கமோ அது. கடந்த மூன்று வருட டைரிகள். பீரோவில் இருக்கும் எல்லாக் கேஸ் கட்டுகளையும் எடுத்துப் பார்க்க ஆள். ஆபீஸ் வக்கீல்கள் எல்லோருடைய பார் கவுன்சில் பதிவு எண்கள். அப்புறம், பதிவுக்குப் பொறுப்பு என்று பெயர் சொல்லக்கூடிய ஒரே ஒருவர். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று சொன்ன ஆபீஸில் இது நடந்து நான் பார்த்ததில்லை.

1. முதலில் கேள்விகளை எழுதுங்கள்

ஒரு தாளில் ஐந்து கேள்விகள் போதும். பதில் தெரிந்தால் அடுத்த வாரம் வேலையே மாறும் என்கிற மாதிரியான கேள்வியாக இருக்க வேண்டும். "அடுத்த முப்பது நாளில் எந்தெந்த வழக்கில் கெடு முடிகிறது?" "அடுத்த வாய்தா தேதியே தெரியாமல் கிடக்கும் வழக்குகள் எவை?" "பாகப்பிரிவினை வழக்குக்கு நாம் வாங்கும் பீஸ், போகும் வாய்தா எண்ணிக்கைக்குக் கட்டுபடியாகிறதா?" "வாய்தா எதனால் தள்ளிப்போகிறது, நம்மாலா அவர்களாலா?" "புதிதாக வருகிறவரின் எதிராளி ஏற்கெனவே நம் கட்சிக்காரரா?"

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும் என்றால், கேள்வி இல்லாமல் ஆரம்பித்தால் பட்டியலில் நாற்பது நெடுவரிசைகள் வந்துவிடும். கட்சிக்காரரின் தொழில், வயது, யார் அறிமுகம் என்று எல்லாவற்றையும் கேட்கும் தாளை இரண்டாவது வாரத்திலிருந்து யாரும் நிரப்ப மாட்டார்கள். எந்தக் கேள்விக்கும் உதவாத நெடுவரிசையை வெட்டிவிடுங்கள்.

2. எல்லா வழக்கையும் ஒரே பட்டியலுக்குக் கொண்டுவாருங்கள்

உங்கள் ஆபீஸில் எத்தனை வழக்குகள் நடப்பில் இருக்கின்றன என்று சீனியரையும் குமாஸ்தாவையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் ஆச்சரியம்தான்.

மூன்று இடங்களிலிருந்து எடுக்க வேண்டும்: டைரி, பீரோ, கோர்ட்டுகளின் வழக்கு விவரம் இருக்கும் இ-கோர்ட்ஸ் தளம். இ-கோர்ட்ஸில் வக்கீல் பெயரை வைத்தும் பார் கவுன்சில் பதிவு எண்ணை வைத்தும் தேடலாம், இரண்டையும் செய்யுங்கள். கோர்ட் அலுவலகத்தில் பெயரை டைப் செய்தவர் ஒரு இடத்தில் இனிஷியலை முன்னால் போட்டிருப்பார், இன்னொரு இடத்தில் பின்னால் போட்டிருப்பார், ஆங்கிலத்தில் ஒரு எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதியிருப்பார். எனவே பெயரின் எல்லா வடிவத்தையும், ஒவ்வொரு கோர்ட் வளாகத்திலும் தனித்தனியாகத் தேட வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் இங்கேதான் மறந்துபோன வழக்குகள் வெளியே வரும்.

மூன்று பட்டியலையும் ஒப்பிடும்போது கிடைப்பவை சுவாரசியமானவை. தளத்தில் இருக்கிறது, டைரியில் இல்லை என்றால் வாய்தாவைத் தவறவிட்ட வழக்காக இருக்கலாம், அன்றைக்கே பாருங்கள். டைரியில் இருக்கிறது, தளத்தில் உங்கள் பெயரில் இல்லை என்றால் வக்காலத்து மாற்றியது பதிவேறாமல் இருக்கலாம். பீரோவில் மட்டும் இருக்கிறது என்றால் குறை சொல்லி கோர்ட் ரிட்டர்ன் செய்து, மறுபடி போடாமல் விட்ட பிராதாக (வழக்கு மனுவாக) இருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே புதியவர்கள் செய்யும் பிழை, இ-கோர்ட்ஸ் பட்டியலை மட்டும் எடுத்து "முடிந்தது" என்பது. நோட்டீஸ் மட்டும் அனுப்பியவை, சட்டக் கருத்து கேட்டவை, கோட்டாட்சியர் முன்னால் நிற்கும் பட்டா மேல்முறையீடு, கோர்ட் இன்னும் எண் கொடுக்காத (எண்ணாகாத) மனு எதுவும் அதில் வராது. ஆபீஸில் கெடு தப்புவது பெரும்பாலும் இந்த வகையில்தான்.

3. ஒவ்வொரு கட்டுக்கும் ஆபீஸ் எண் கொடுங்கள், பக்கத்தில் சி.என்.ஆர். எண்

சி.என்.ஆர். என்பது வழக்கு பதிவாகும்போது கணினி கொடுக்கும், எழுத்தும் இலக்கமுமாக 16 இடம் கொண்ட எண். கீழ்க்கோர்ட்டு வழக்குகளில் முதல் ஆறு இடம் மாநிலம், மாவட்டம், கோர்ட் எது என்று சொல்லும், அடுத்த ஆறு வரிசை எண், கடைசி நாலு வருடம். இது கையில் இருந்தால் பெயரை வைத்துத் தேடும் தொல்லை இல்லை, இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்குப் பட்டியலிலும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

அதுவே போதாதா என்று கேட்பார்கள், போதாது. எண்ணாகாத விஷயத்துக்கு சி.என்.ஆர். கிடையாது. அப்பீல் போனால் அதற்கு வேறு எண். ஒரே குடும்பச் சொத்துத் தகராறில் ஓ.எஸ். (சிவில் வழக்கு) ஒன்று, அப்பீல் ஒன்று, ஸ்டேஷன் புகாரில் வந்த சி.சி. (கிரிமினல் வழக்கு) ஒன்று என்று மூன்று இருக்கும், கட்சிக்காரருக்கோ அது ஒரே பிரச்சினை. அதனால் ஆபீஸ் எண் ஒன்றைப் பிரச்சினைக்குக் கொடுங்கள், அதன் கீழே அ, ஆ, இ என்று வழக்குகளைப் போடுங்கள். அதே எண்ணைக் கட்டின் முதுகில் மார்க்கரால் எழுதி, ஸ்கேன் செய்த கோப்புறைக்கும் அதையே பெயராக வையுங்கள். தாளும் பீரோவும் கணினியும் ஒரே எண்ணில் பேசாவிட்டால் யாரும் பட்டியலை நம்ப மாட்டார்கள்.

4. பிரித்து எழுதுங்கள்

வழக்கு எண்ணை மூன்று நெடுவரிசையாகப் போடுங்கள்: வகை, எண், வருடம். ஒரே கட்டத்தில் 12/2023 என்று டைப் செய்து பாருங்கள், எக்செல் அதை 2023 டிசம்பர் என்று தேதியாக்கிவிடும். 112/2021 அப்படியே நிற்கும். ஆக, பட்டியலில் பாதி தேதியாகவும் பாதி எழுத்தாகவும் இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள், வரிசைப்படுத்தும்போதுதான் குளறுபடி தெரியும்.

தேதியிலும் இதே கதை. நாம் டைரியில் 25.04.2025 என்று புள்ளி வைத்து எழுதிப் பழகியவர்கள். அதையே கணினியில் போட்டால் பல நேரம் அது வெறும் எழுத்தாகத்தான் பதிவாகும், அதில் முப்பது நாள் கூட்டச் சொன்னால் கூட்டாது. 03/04/2025 என்று சாய்கோடு போட்டால், கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் மார்ச் நாலாம் தேதி என்று எடுத்துக்கொள்ளும். சோதிக்க எளிய வழி: தேதியை அடித்து என்டர் தட்டியதும் அது கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டினால் தேதி, இடப்பக்கம் ஒட்டினால் எழுத்து. முதல் நாளே எல்லோரும் 2025-04-25 என்று வருடத்தை முன்னால் போட்டு அடிக்கப் பழகுங்கள், இந்தத் தலைவலி போய்விடும்.

பெயர்தான் நம் ஊரில் கஷ்டம். ஒரு தாலுகாவில் முருகன் எத்தனை பேர்! எனவே பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர், கைபேசி எண்ணின் பத்து இலக்கம் என்று நாலு நெடுவரிசை. எதிர்த்தரப்புக்கும் பெயர், தகப்பனார் பெயர், ஊர் மூன்றும் கட்டாயம். புதிய கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும், விஷயத்தை முழுதாகக் கேட்பதற்கு முன்பே, எதிராளியின் பெயரையும் ஊரையும் இந்தத் தாளில் தேடுங்கள். இரண்டு வருடம் முன்னால் அதே சொத்துக்கு எதிராளிக்கு நீங்களே பிராது தயாரித்துக் கொடுத்திருந்தால், இப்போது இவருக்காக நிற்க பார் கவுன்சில் விதி இடம் கொடுக்காது. அதை எதிர்த்தரப்பு வக்கீல் கோர்ட்டில் சொல்லித் தெரிந்துகொள்வது கேவலம்.

பெயரைத் தமிழிலேயே எழுதுவது நல்லது. ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே பெயருக்கு ஐந்து எழுத்துக்கூட்டல் வரும்.

5. கெடு தேதிக்குத் தனித் தாள்

வாய்தா தேதியும் கெடு தேதியும் வேறு வேறு. வாய்தாவைக் கோர்ட் கொடுக்கும், கெடுவை நாம்தான் கணக்குப் போட வேண்டும். இரண்டையும் ஒரே நெடுவரிசையில் போட்ட ஆபீஸ்களில் வாய்தா தேதி கண்ணில் படும், கெடு படாது. தனித் தாளில் இவை இருக்கட்டும்: ஆபீஸ் எண், என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறோம், அந்தத் தேதிக்கு ஆதாரம் எந்த ஆவணம், எத்தனை நாள், கழிக்கும் நாள், கடைசி நாள், நமக்குள் வைத்துக்கொள்ளும் கெடு, கணக்கைச் சரிபார்த்தவர் பெயர்.

"ஆதாரம் எந்த ஆவணம்" என்பதை விட்டுவிடாதீர்கள். கட்சிக்காரர் வாயால் சொன்ன தேதியில் கட்டப்பட்ட கணக்குகள் அபாயமானவை. செக் கேஸை எடுத்துக்கொள்ளுங்கள்: செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 15 நாள் அவகாசம், அது முடிந்தபின் ஒரு மாதத்துக்குள் புகார். மூன்றுக்கும் ஆதாரம் பேங்க் மெமோவும் தபால் ஒப்புகை அட்டையும்தான். கடைசியில் வருவது "ஒரு மாதம்", முப்பது நாள் இல்லை. ஷீட்டில் கண்ணை மூடிக்கொண்டு 30 கூட்டுகிறவர்கள் இங்கே சறுக்குவார்கள். ஆர்பிட்ரேஷன் நடுவர் தீர்ப்பை எதிர்த்து அந்தச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் போடும் மனுவிலும் "மூன்று மாதம்" என்றால் 90 நாள் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லிவிட்டது. மாதத்தில் வரும் கெடுவுக்கு மாதக் கணக்கில் தேதி கூட்டும் ஈடேட் (EDATE) சூத்திரம், நாளில் வரும் கெடுவுக்கு வெறும் கூட்டல், இரண்டையும் கலக்காதீர்கள்.

அப்பீல் கெடுவில்தான் பெரிய குழப்பம், அதனால் ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். முன்சீப் கோர்ட் தீர்ப்பாணை 2025 மார்ச் 3. சப் கோர்ட்டில் அப்பீலுக்கு 30 நாள். தீர்ப்பு நாளைக் கழித்தால் ஏப்ரல் 2. இதில் காலவரையறைச் சட்டம் 12ஆம் பிரிவின்படி நகல் வாங்கத் தேவைப்பட்ட நாள்களைக் கூட்டிக்கொள்ளலாம். நகல் மனு போட்டது மார்ச் 7, நகலுக்கு ஸ்டாம்ப் கட்டச் சொல்லி கோர்ட் கேட்டது மார்ச் 20, நாம் ஸ்டாம்ப் கட்டியது மார்ச் 25, நகல் தயாரானது ஏப்ரல் 2, குமாஸ்தா போய் வாங்கியது ஏப்ரல் 15.

பாதுகாப்பான கணக்கு இது: மார்ச் 7 முதல் 20 வரை 14 நாள், மார்ச் 25 முதல் ஏப்ரல் 2 வரை 9 நாள், மொத்தம் 23. கடைசி நாள் ஏப்ரல் 25. நடுவில் ஸ்டாம்ப் கட்டாமல் இருந்த நாலு நாள் நம்முடைய தாமதம், அதையும் சேர்த்துக் கூட்டினால் ஏப்ரல் 29 என்று வரும். இன்னும் சிலர் நகலை வாங்கிய நாள் வரை எண்ணி மே 12 என்று எழுதிவைப்பார்கள். நகல் தயாரான பிறகு நாம் போய் வாங்காத நாள்கள் "தேவைப்பட்ட" நாள்கள் ஆகாது. ஒரே நகலின் முத்திரையில் இருக்கும் ஐந்து தேதிகளை வைத்து மூன்று விதமான கடைசி நாள் வருகிறது பாருங்கள். அதனால்தான் அந்த ஐந்து தேதிக்கும் ஐந்து நெடுவரிசை வையுங்கள் என்கிறேன். கணக்கைத் தாள் போடட்டும், சரிபார்த்து இனிஷியல் போடுவது இன்னொருவர்.

இந்தத் தாளில் சேர மறப்பது ஒன்று உண்டு: கட்சிகளில் யாராவது இறந்த தேதி. எதிர்த்தரப்புப் பெரியவர் தவறிப்போன செய்தி குமாஸ்தாவுக்கு டீக்கடையில் முதலில் தெரிந்துவிடும், ஆனால் எங்கும் பதிவாகாது. வாரிசுகளைச் சேர்க்க இறந்த நாளிலிருந்து 90 நாள், விட்டால் வழக்கு அற்றுப்போகும், அதை நீக்க மேலும் 60 நாள், அதற்கும் பிறகு தாமத மன்னிப்பு மனு என்று இழுக்கும். செய்தி காதில் விழுந்த அன்றே ஒரு வரி போடுங்கள்.

நமக்குள் வைக்கும் கெடு உண்மையான கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னால் இருக்கட்டும். கடைசி நாள் விடுமுறையில் வந்தால் திறக்கும் நாளில் போடலாம் என்று காலவரையறைச் சட்டம் 4ஆம் பிரிவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

6. வாய்தா பதிவேடு: தள்ளிப்போன காரணம்

முந்தைய படிகள் முடிந்த பிறகு, இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான படி இதுதான். டைரியில் நாம் எழுதுவது அடுத்த தேதியை மட்டும். ஏன் தள்ளிப்போனது என்பது அன்று போன ஜூனியருக்குத் தெரியும், இரண்டு வாரத்தில் அவருக்கே மறந்துவிடும். அந்தக் காரணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் எந்த ஆராய்ச்சியும் செய்ய முடியாது.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு வரி: தேதி, ஆபீஸ் எண், போனவர், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, நடந்தது, தள்ளிய காரணம், அடுத்த தேதி, அதற்குள் முடிக்க வேண்டிய வேலை, யார் பொறுப்பு. காரணத்தை இஷ்டத்துக்கு எழுத விடாதீர்கள், டிராப்டவுனில் பத்துக்குள் வையுங்கள்: சம்மன் சார்வாகவில்லை (எதிராளி கையில் சேரவில்லை), எதிர்த்தரப்பு அவகாசம், நாம் அவகாசம், அவர்கள் சாட்சி வரவில்லை, நம் சாட்சி வரவில்லை, நீதிபதி விடுப்பு அல்லது இடம் காலி, கோர்ட் புறக்கணிப்பு, நேரமில்லை, இடைக்கால மனு நிலுவை, சமரசப் பேச்சு. "மற்றவை" என்று ஒன்று வைத்தால் எல்லாம் அதில் போய் விழும். வைக்கவே வேண்டாம், பத்தில் எது நெருக்கமோ அதைப் போடச் சொல்லுங்கள்.

"நாம் அவகாசம்" என்ற வரியை ஜூனியர்கள் போட மாட்டார்கள். திட்டு விழும் என்ற பயத்தில் "நேரமில்லை" என்று போடுவார்கள். முதல் மாதத்தில் அந்த வரியைப் பார்த்து சீனியர் ஒருமுறை குரல் உயர்த்தினாலும் பதிவேடு பொய்யாகிவிடும், அப்புறம் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. இதைச் சீனியரிடம் முன்கூட்டியே பேசி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் போனதும் பிவட் டேபிளில் (ஷீட்டிலேயே இருக்கும் தொகுப்பு அட்டவணை) காரணத்தையும் கோர்ட்டையும் குறுக்கே வைத்துப் பாருங்கள். சம்மன் சார்வாகாமலே ஒரு வழக்கு நாலு வாய்தா போயிருக்கும். பேட்டா (சம்மன் அனுப்பக் கட்டும் பணம்) கட்டினோமா, விலாசம் சரியா என்று பார்த்தால் பாதியில் தப்பு நம் பக்கம் இருக்கும். சார்வாகாமல் திரும்பிய சம்மனுக்கு ஏழு நாளுக்குள் புது சம்மன் கேட்காவிட்டால் பிராதையே தள்ளுபடி செய்ய சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 9 விதி 5 இடம் கொடுக்கிறது, ஆகவே இது சும்மா புள்ளிவிவரம் இல்லை. எதிர்த்தரப்பு அவகாசம் கேட்ட நாள்களைத் தேதியோடு அச்செடுத்துப் போனால், ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் ஒத்திவைக்கக் கூடாது என்கிற ஆணை 17 விதி 1ஐச் சொல்லும்போது கையில் பிடிமானம் இருக்கும். "ரொம்ப நாளாக இழுக்கிறார்கள் அய்யா" என்று சொல்வதற்கும், தேதிகளைப் படிப்பதற்கும் கோர்ட்டில் மதிப்பு வேறு.

7. பதிவு அன்றே சாயங்காலம்

கோர்ட் முடிந்து ஆபீஸுக்கு வந்ததும், கட்சிக்காரர்கள் வரத் தொடங்குவதற்கு முன்னால், அன்றைய வரிகள் ஏற வேண்டும். மறுநாள் என்றால் காரணம் மாறிப்போகும், வாரக் கடைசி என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் வந்துவிடும். ஜூனியர்கள் கோர்ட்டிலிருந்தே ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் "ஆபீஸ் எண், காரணம், அடுத்த தேதி" என்று ஒரு வரி போட்டால் போதும், ஏற்றுவது பொறுப்பாளர். அடுத்த தேதியை இ-கோர்ட்ஸோடு ஒரு முறை ஒத்துப் பாருங்கள். தளத்தில் ஏற ஓரிரு நாள் தாமதமாகலாம், சில நேரம் தவறாகவும் ஏறும். வித்தியாசம் இருந்தால் கோர்ட் பதிவேட்டில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், தளம் சொன்னது என்று வாதாட முடியாது.

டைரியை நிறுத்தாதீர்கள். சீனியருக்கு அது கை மாதிரி, பறித்தால் திட்டமே கவிழும். காலையில் தாளிலிருந்து அச்செடுத்து டைரியில் ஒட்டிக் கொடுங்கள்.

8. வெள்ளிக்கிழமை ஒரு பக்கம்

வாரத்துக்கு ஒரே ஒரு பக்கம் அச்சாக வேண்டும். அதில் நாலு பட்டியல்: அடுத்த பதினைந்து நாளில் முடியும் கெடுக்கள், அடுத்த வாய்தா காலியாக இருக்கும் வழக்குகள், அடுத்த வார வாய்தாக்களில் நம் வேலை முடியாதவை, மூன்று மாதமாக எந்த வரியும் ஏறாத கட்டுகள். இரண்டாவதும் நாலாவதும்தான் முக்கியம், அவைதான் யாரும் கேட்காதவை. எண்ணாகாத மனுக்கள் எல்லாம் அங்கேதான் முகம் காட்டும்.

டேஷ்போர்டு, வட்ட வரைபடம் எதுவும் இப்போது வேண்டாம்.

9. பீஸும் கட்சிக்காரருக்குச் சொல்லும் பதிலும்

பெற்ற பீஸ், செலவுக்கு வாங்கிய பணம் இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள், கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்கச் சொல்லி பார் கவுன்சில் விதியே இருக்கிறது. அப்புறம் வழக்கு வகை வாரியாக, முடிந்த வழக்குகளில் எத்தனை வாய்தா போயிற்று, கையில் நின்றது எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். அதைப் பார்த்ததும் சில ஆபீஸ்களில் மொத்தமாகப் பேசும் பழக்கத்தை விட்டு, எதிருரை வரை இவ்வளவு, விசாரணைக்கு இவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் பேச ஆரம்பித்தார்கள். பேரம் குறைந்தது, பாக்கியும் குறைந்தது.

"எவ்வளவு நாளில் முடியும்?" என்ற கேள்விக்கும் இப்போது உருப்படியாகப் பதில் சொல்லலாம், வெற்றி தோல்வியைப் பற்றி மட்டும் எண் சொல்லாதீர்கள்.

10. எண்களைப் படிக்கும்போது ஏமாறும் இடங்கள்

முடிந்த வழக்குகளை மட்டும் எடுத்து சராசரி போட்டால் காலம் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் பத்து வருடமாக இழுப்பவை இன்னும் முடியவே இல்லை. நிலுவையில் இருப்பவற்றின் வயதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்புத் தளத்தில் மாவட்ட வாரியாக நிலுவை வழக்குகளை ஒரு வருடம் வரை, 1 முதல் 3, 3 முதல் 5, 5 முதல் 10, பத்துக்கு மேல் என்று பிரித்துக் காட்டுகிறார்கள். நீங்களும் அதே பிரிவுகளை வைத்துக்கொண்டால் உங்கள் மாவட்டத்தோடு ஒப்பிடலாம். ஐந்து வருடத்துக்கு மேல் பழசான வழக்கின் பங்கு மாவட்டத்தைவிட உங்களிடம் கூடுதலாக இருந்தால், வாய்தா பதிவேட்டில் காரணத்தைத் தேடுங்கள்.

சராசரிக்குப் பதில், வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள். ஒரே ஒரு இருபது வருட வழக்கு சராசரியை இழுத்துவிடும். ஒரு கோர்ட்டில் ஏழு வழக்கு வைத்துக்கொண்டு "இந்த நீதிபதி இப்படித்தான்" என்று முடிவு கட்டுவது ஜோசியம். பிரான்சில் நீதிபதிகளின் பெயரை வைத்து அவர்கள் எப்படித் தீர்ப்பளிப்பார்கள் என்று கணிப்பதை 2019இல் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். இங்கே அப்படிச் சட்டம் இல்லை, ஆனால் ஏழு வழக்கு எந்த ஊரிலும் ஏழு வழக்குதான்.

11. ரகசியம், சாப்ட்வேர், ஏஐ

கட்சிக்காரர் சொன்னதைக் காப்பது சட்டக் கடமை. பழைய சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132. கூகுள் ஷீட்டில் "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று விட்டிருப்பது நான் அடிக்கடி பார்க்கும் ஓட்டை. ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி அனுமதி கொடுங்கள், ஜூனியர் ஆபீஸை விட்டுப் போகும் அன்றே அதை எடுத்துவிடுங்கள். பீஸ் தாள் தனிக் கோப்பாக இருக்கட்டும். குடும்ப வழக்கு, போக்சோ வழக்குகளில் பெயரே போடாமல் ஆபீஸ் எண்ணோடு நிறுத்துங்கள்.

இதெல்லாம் ஆறு மாதம் தடங்கல் இல்லாமல் ஓடிய பிறகு சாப்ட்வேர் பாருங்கள். விற்க வருகிறவரிடம் முதல் கேள்வி: நாளைக்கு நாங்கள் விலகினால் எங்கள் டேட்டா முழுவதும் எக்செலாகக் கையில் வருமா? மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

ஏஐயைத் தமிழ் ஆவணத்தைச் சுருக்க, தேதிப் பட்டியல் எடுக்கப் பயன்படுத்தலாம், ஆனால் இலவசச் செயலியில் கட்சிக்காரரின் கட்டை ஏற்றாதீர்கள். அது கொடுக்கும் முன்தீர்ப்பு எதையும் மூலத்தில் பார்க்காமல் மனுவில் எழுதாதீர்கள். 2023இல் நியூயார்க் பெடரல் கோர்ட்டில் சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வக்கீல்களுக்கு 5000 டாலர் அபராதம் விழுந்தது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தன் மாவட்டக் கோர்ட்டுகளுக்கே ஏஐ பயன்பாட்டுக் கொள்கை போட்டிருக்கிறது, ஒரு முறை படித்துவிட்டு உங்கள் ஆபீஸுக்கு அரைப் பக்க விதி எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மாதத்துக்கு ஒருமுறை எல்லாத் தாளையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, தேதி எழுதி, சீனியர் வீட்டு அலமாரியில் வையுங்கள். அதைத் திறந்து பார்த்து, கோப்பு உண்மையிலேயே திறக்கிறதா என்று சரிபார்க்க ஒருவரை நியமியுங்கள்.